பிஸ்கட் டின்னுக்குள் ஒரு பஸ் கம்பெனி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்ன பஸ் கம்பெனியின் கதையை எழுதி வைப்பது என்று ஆறு மாதங்களுக்கு முன்பு ஆரம்பித்தேன். மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்திய கம்பெனி. மலாயாவில் சைக்கிள் கடை, டாக்ஸி, பஸ் ஆகிய தொழில்களில் ஹெங்ஹுவா என்ற பிரிவுச் சீனர்களின் கை ஓங்கியிருந்தது. இவர்களும் அந்த வழி வந்தவர்கள்தான். தவுக்கே, அதாவது முதலாளி, முன்னால் உட்கார்ந்து ஓட்டுவார், மகன் பட்டறையைப் பார்ப்பார், மருமகளிடம் கல்லாப்பெட்டி. கணக்குப் புத்தகங்கள் வெள்ளத்தில் போய்விட்டன என்று சொல்லி, பேரன் ஒரு பிஸ்கட் டின்னைக் கையில் கொடுத்தார். உள்ளே 412 டிக்கெட்டுகள். ஒன்றிலும் ஆண்டு இல்லை.

முதல் மாதம் பாழ். கிழிந்த டிக்கெட்டுகளைப் பசை நாடா போட்டு ஒட்டினேன். ஈரக் காற்றில் பசை இளகிப் பதினோரு டிக்கெட்டுகளில் அச்சு மங்கிவிட்டது. இப்போது எதையும் ஒட்டுவதில்லை. தனித்தனித் தாள் உறை, ராமபாணப் பூச்சிக்கு வேப்பிலை. அவ்வளவுதான்.

பிறகுதான் எழுத்தைப் பார்க்கத் தோன்றியது. சில டிக்கெட்டுகளில் கட்டணம் 'சென்ட்' என்று இருந்தது, சிலவற்றில் 'சென்'. 1967இல் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா வெளியிட்ட நாணயங்களோடு வந்தது 'சென்'. கம்பெனி என்று பொருள்படும் மலாய்ச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் இன்னொரு சாட்சி: 1972 எழுத்துத் திருத்தத்துக்கு முன்பு எஸ், எச், பின்பு எஸ், ஒய். வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) டாலர் குறி போடும் வழக்கம் 1993இல் போய், 'ஆர்.எம்.' வந்தது. மூன்று ஆண்டுகள் கிடைத்தன. டிக்கெட்டுகளை நான்கு குவியலாகப் பிரித்துவிட்டு, பெரிய ஆராய்ச்சி செய்துவிட்ட நினைப்பில் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அந்த நினைப்பைக் கலைத்தவர் அந்த பஸ்களில் நடத்துநராக இருந்த பெரியவர். எண்பத்தைந்தைத் தாண்டியவர். என் குவியல்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பழைய கட்டு தீராமல் தவுக்கே புதுக்கட்டு அச்சடிக்க விடுவாரா, தம்பி? எழுத்து மாறி இரண்டு வருடம் கழித்தும் பழைய டிக்கெட்டைத்தான் கிழித்துக் கொடுத்தோம்." ஆக, 'சென்' என்று இருந்தால் 1967க்குப் பின் என்று துணிந்து சொல்லலாம், 'சென்ட்' என்று இருந்தால் 1967க்கு முன் என்று சொல்ல முடியாது. நான்கு குவியலையும் மறுபடி கலைத்தேன்.

டிக்கெட்டை விட்டுவிட்டு அவர் பேச்சைக் குறித்துக்கொள்ளத் தொடங்கியதும் வேலை சூடு பிடித்தது. பஸ் புறப்படும் நேரத்தை ரப்பர் தோட்டம்தான் முடிவு செய்ததாம். விடிவதற்கு முன்பு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு, பிறகு பால் வெட்டு. வெட்டி, பால் எடுத்து, நிறுத்து முடிக்கும்வரை தோட்டத்துச் சாலையில் ஏற ஆளில்லை. ஆகவே காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நடை, அப்புறம் மதியம்தான். சம்பள நாளன்று மட்டும் இரண்டு பஸ்கள் கூடுதலாக ஓடும். தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலில் இருந்து பட்டணம்வரை நான்கு கட்டை (மைல்) தூரம். போகும்போது வெறுங்கை, திரும்பும்போது அரிசி, கருவாடு, பிள்ளைக்குச் சட்டை.

1948 ஜூன் 16 அன்று இந்த ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அதிலிருந்து தொடங்கி 1960வரை நீடித்தது. பெரியவர் அப்போது சிறுவன். காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு உணவு போய்விடக்கூடாது என்று பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிச் சோதிப்பார்களாம். அவருடைய அம்மாவின் தூக்குச் சட்டியைக் கவிழ்த்துப் பார்த்ததை இன்னும் கோபத்தோடுதான் சொல்கிறார். பல ஊர்களில் கொரில்லாக்கள் பஸ்களையே கொளுத்தினார்கள். ஊரடங்குக்குப் பயந்து கடைசி பஸ்ஸும் பொழுது சாய்வதற்குள் பட்டறைக்குத் திரும்பிவிடும்.

கம்பெனி ஏன் நின்றது என்று கேட்டால் பேரன் டீசல் விலை என்கிறார். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். லயங்கள் காலியாகி, இருந்தவர்கள் பட்டணத்து ஓரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். பட்டணத்திலேயே இருப்பவருக்குப் பட்டணம் போகும் பஸ் எதற்கு? மிச்சம் இருந்தவர்களைக் கப்சாய் மோட்டார் சைக்கிள் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இப்போது நிலவரம்: 412இல் 260 டிக்கெட்டுகளுக்கு உத்தேசக் காலம் எழுதியாகிவிட்டது. நிறுத்தங்களைப் பெரியவர் வாய்வழியே கேட்டுக் கையால் ஒரு வரைபடம் போட்டிருக்கிறேன். அதில் இரண்டு தோட்டங்களின் இடத்தில் இன்று வீடமைப்பு.

போன ஞாயிறு ஒரு டிக்கெட்டின் பின்புறத்தில் பென்சில் எழுத்தைக் கண்டேன்: 'கோழி 2'. பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"என் கையெழுத்துதான். கோழிக்கு அரை டிக்கெட். கூடைக்குள் இருந்தால் காசு இல்லை. இது கூடையை விட்டு வெளியே வந்திருக்கும்."

நோட்டில் 261ஆவது வரி: ஆண்டு தெரியவில்லை, கோழி இரண்டு, கூடைக்கு வெளியே.