வாசித்தார், வாசித்தாராம்

ஆய்வேட்டின் முதல் இயல் நெறியாளரிடமிருந்து திரும்பி வந்தபோது, மூன்றாம் பக்கத்தில் ஒரு சொல்லை மட்டும் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்: 'வாசித்தார்'. ஓரத்தில், 'யார் கேட்டது?'

நான் எழுதியிருந்தது இதுதான்: நாகசுர வித்வான் காருக்குறிச்சி அருணாசலம், சாமி புறப்பாட்டில் கரகரப்பிரியா ராகத்தை மணிக்கணக்கில் வாசித்தார். நான் பிறந்ததிலிருந்து வீட்டில் கேட்டு வளர்ந்த செய்தி அது. அப்பாவுக்குத் தவில், தாத்தாவுக்கும் தவில். பாளையங்கோட்டையில் பாட்டு டீச்சராக வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேர முனைவர் பட்டத்துக்குப் பதிந்தபோது, எங்கள் சீமை நாகசுரத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன குறை என்ற நம்பிக்கை இருந்தது.

அன்று ராத்திரி அப்பாவிடம் கேட்டேன்.

"நீங்க நேர்ல கேட்டீயளாப்பா?"

"நான் எங்க கேட்டேன்? அவுக போனப்ப எனக்கு ஏழு வயசு. எங்கப்பா சொல்லுவாக. மணிக்கணக்குல வாசிப்பாகளாம்."

காருக்குறிச்சியார் மறைந்தது 1964. அப்பா பிறந்தது 1957. கணக்கு சரிதான். யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷத்தில் அப்பா இந்தக் கதையை 'ஆம்' இல்லாமல் சொன்னதே இல்லை. 'வாசிப்பாகளாம்', 'கூட்டம் கலையாதாம்', 'தேர் நிலைக்கு வர விடிஞ்சிருமாம்'. தான் பார்த்ததற்கும் பிறர் சொல்லக் கேட்டதற்கும் நடுவில் அவர் எப்போதும் ஒரு கோடு போட்டே வைத்திருந்தார். காகிதத்தில் எழுதும்போது நான்தான் அதை அழித்துவிட்டேன். ஆய்வுத் தமிழ் என்றால் உறுதியாகச் சொல்ல வேண்டும் என்று யாரோ என் மண்டையில் ஏற்றியிருந்தார்கள்.

நூலகத்தில் தேடக் கற்றுக்கொண்டதும் அதற்கு அப்புறம்தான். முதல் சில சனிக்கிழமைகள் 780 என்று எண் ஒட்டிய அலமாரியை விட்டு நகரவில்லை. தசம வகைப்பாட்டில் இசைக்கு அந்த எண். கீர்த்தனைப் புத்தகமும் ஸ்வரப் புத்தகமும் அங்கே இருக்கும். வித்வான்களைத் தேடினால் வேறு பக்கம் போக வேண்டும். உ.வே.சா. எழுதிய கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் வரலாறுகளை வாழ்க்கை வரலாற்று அலமாரியில் கண்டெடுத்தேன். நாகசுரமோ தலபுராணங்களுக்கும் கோயில் வரலாறுகளுக்கும் உள்ளே ஒரு பத்தி, அரைப் பத்தியாகக் கிடக்கிறது. அதற்கென்று அலமாரியே கிடையாது.

எட்டயபுரத்துப் புத்தகம் ஒன்று எனக்குக் கட்டாயம் வேண்டியிருந்தது. முத்துசாமி தீட்சிதர் வம்சத்துச் சுப்பராம தீட்சிதர் ராகங்களையும் உருப்படிகளையும் ஸ்வரக் குறிப்போடு தொகுத்த சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி. அட்டைப் பட்டியலில் 'ச' வரிசை முழுக்கத் தேடி, இல்லை என்று கிளம்பிவிட்டேன். நூலகர் அண்ணாச்சி வாசலில் நிறுத்திக் கேட்டார்: "ஸாவுல பாத்தீயளாம்மா? வடமொழி எழுத்தெல்லாம் கடைசிப் பெட்டியில இருக்கும்." இருந்தது. 'ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி'. அன்றிலிருந்து ஒரு பெயரைத் தேடப் போகுமுன் அதை எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று நோட்டில் எழுதிக்கொள்கிறேன். தீட்சிதர், தீக்ஷிதர், தீக்ஷிதருலு. நாகசுரம், நாகஸ்வரம், நாதஸ்வரம்.

1904ல் எட்டயபுரம் வித்யா விலாஸினி அச்சுக்கூடத்தில் தெலுங்கில் அச்சான நூல் அது. அன்றைக்கு அந்த ஊர் திருநெல்வேலி ஜில்லா. முத்துசாமி தீட்சிதர் 1835ல் கண்மூடிய ஊர், பாரதி பிறந்த ஊர். இசை ஆர்வலர் சின்னசாமி முதலியார் விடாமல் வற்புறுத்த, எட்டயபுரம் ஜமீன் செலவை ஏற்க, தீட்சிதர் வீட்டு உருப்படிகள், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகங்களுக்கான குறிகளோடு தாளில் ஏறின. இரண்டு வருஷத்தில் சுப்பராம தீட்சிதர் காலமாகிவிட்டார். பாரதி அவருக்கு இரங்கற்பா எழுதினார். இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு நாள் பஸ் ஏறிப் போய் எட்டயபுரத்துத் தெருக்களில் சும்மா நடந்துவிட்டு வந்தேன். ஆய்வுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் போகாமல் இருக்க முடியவில்லை.

மியூசிக் அகாடமியின் தமிழ்ப் பதிப்பை வைத்துக்கொண்டு பொருளடக்கத்தில் கரகரப்பிரியாவைத் தேடினேன். 22ஆவது மேளம், அதாவது தாய் ராகம்; பாட்டுப் படிக்கிற எந்தப் பிள்ளையும் தூக்கத்தில் சொல்லும். அந்தத் தலைப்பே இல்லை. 'இந்நூல் இம்மேளத்துக்கு இடம் தரவில்லை' என்று இயலில் எழுதிவிட்டேன். நல்லவேளை, கொடுக்கிறதுக்கு முந்தின வாரம் வரிசையாகப் புரட்டியபோது 22 கண்ணில் பட்டது. அங்கே தலைப்பு ஸ்ரீராகம்.

நாம் படிக்கிற வரிசை கனகாங்கி, ரத்னாங்கி என்று தொடங்கும். தீட்சிதர் வழி வரிசை கனகாம்பரி, பேனத்யுதி. எண்ணும் ஸ்வர ஸ்தானமும் ஒன்று, தலைமை ராகம் வேறு. ஸ்ரீராகத்தின் ஆரோகணத்தில் காந்தாரமும் தைவதமும் கிடையாது. குறிப்பைப் பார்த்து மெதுவாகப் பாடினேன். ஸ ரி ம ப நி ஸ. உள்ளறையில் படுத்திருந்த அப்பா, "கரகரப்பிரியாவுலதானட்டி எழுதுத? இது ஸ்ரீராகம்லா?" என்று குரல் கொடுத்தார். ஒரு மாதம் நான் பார்க்காததை அவர் காது ஒரு மூச்சில் பிடித்துவிட்டது. அடிக்குறிப்பில் இதை எப்படிப் போடுவது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு நோட்டீஸ் கிடைத்தது. இளஞ்சிவப்புத் தாள், மடிப்பெல்லாம் இற்றுப்போய். ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அடித்தது. கடைசிக்கு முந்தின வரியில் தாத்தாவின் பெயர். அவர் அந்தக் கொடைக்கு முதன்முதலாக வாசித்தது சுதந்திரம் கிடைத்த வருஷம் என்பது வீட்டுப் பேச்சு. நோட்டீசில் ஆங்கில வருஷம் இல்லை. 'நந்தன வருஷம் ஆடி மாதம், கொல்லம் 1127' என்றிருந்தது. நம் பக்கம் பழைய தாள்களில் கொல்லம் ஆண்டு வரும். ஆவணியில் பிறக்கிற ஆண்டு என்பதால், ஆங்கில வருஷம் கிடைக்க மார்கழிப் பாதிவரை 824ம் அதற்கு மேல் 825ம் கூட்ட வேண்டும். ஆடிக்கு 825. ஆக 1952. 824 கூட்டியிருந்தால் 1951 வரும், அது கர வருஷம், நந்தனத்தோடு ஒட்டாது. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நின்றபோது எனக்குக் கை நடுங்கியது. சுதந்திரத்துக்கு ஐந்து வருஷம் பிந்தியது அந்த நோட்டீஸ். அதுதான் முதல் தடவையா என்று அது சொல்லவில்லை. அந்த ஆடியில் தாத்தாவை அழைத்திருந்தார்கள், அவ்வளவுதான் சொல்கிறது. அதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதவில்லை.

எழுத்திலும் நிறைய வெட்டினேன். 'தேனொழுகும்', 'ஈடு இணையற்ற' எல்லாம் போயிற்று. ஒரு ராகத்தை எந்த ஸ்வரத்தில் நிறுத்தி விரித்தார்கள் என்று எழுத முடிந்தால் தேன் தேவைப்படவில்லை. கிடைக்கிற ஒலிப்பதிவுகளை நிறுத்தி நிறுத்திக் கேட்டு நிமிடம், வினாடியோடு குறித்துக்கொள்கிறேன். மெதுவான வேலை, ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

போன வாரம் திருத்திய இயலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பழைய வாக்கியம் இப்போது 'வாசித்ததாகக் கூறப்படுகிறது' என்று இருக்கிறது. அடிக்குறிப்பில் அப்பாவின் பெயர், அவர் சொன்ன தேதி, எங்கள் வீட்டுத் திண்ணை, 'தம் தந்தையார் நேரில் கேட்டுச் சொன்னது' என்ற விவரம். அப்பா கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எம்மா, எங்கப்பா நேர்லதான் கேட்டாகளான்னு நான் கேட்டுக்கிடலியே. அவுகளும் 'வாசிப்பாகளாம்'னுதான் சொன்னாக."

'நேரில்' என்ற சொல்லை அடித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டேன்.