பின்பாட்டுக்காரனின் நாட்குறிப்பு

14 ஜனவரி 2024, ஞாயிறு. சென்னிமலை

தறியை நிறுத்திவிட்டு மாலையில் வாத்தியார் வீட்டுக்குப் போய் வந்தேன். அவரிடம் உடுக்கைப் பாட்டுக்குச் சேர்ந்து 14 மாதங்கள் ஆகின்றன. இதுவரை 23 இரவுகள் ஊர்க்கோயில் திடல்களில் நின்று பாடியிருக்கிறேன். ஓர் இரவிலும் முன்பாட்டு என்னுடையதாக இருந்ததில்லை.

பொன்னர், சங்கர் என்னும் அண்ணன் தம்பியரைப் பற்றிய அண்ணன்மார் கதையை இருவராகப் பாடுவதே நான் வளர்ந்த பக்கத்து வழக்கம். உடுக்கை பிடித்து முன்பாட்டுப் பாடுபவர் ஓரடியைப் பாடி நிறுத்தியதும், பக்கத்தில் நிற்கும் பின்பாட்டுக்காரர் அதன் கடைசிச் சொற்களைப் பிடித்துத் திருப்பிப் பாடுவார். வசனமாகச் சொல்லும் இடங்களில் ‘ஆமா’ போட்டுக் கதையை நகர்த்துவார். எப்போது முன்பாட்டு கொடுப்பீர்கள் என்று இன்று துணிந்து கேட்டேன். “அடி முடியற எடத்துல நீ இன்னும் அவசரப்படற கண்ணு. நான் மூச்சு வாங்கறதே உம்பட பாட்டுக்குள்ளதான்” என்றார். பதில் பேசாமல் எழுந்து வந்தேன். வழியெல்லாம் அந்தச் சொல்லே காதில் இருந்தது.

25 ஜனவரி 2024, வியாழன்

தைப்பூசம். மலையடிவாரம் முழுவதும் காவடிக் கூட்டம். பகலில் தறிப்பக்கம் யாரும் போகவில்லை. இரவு வந்த செய்திக்காகத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்: வள்ளி ஒயில் கும்மியை ஆயுள் முழுவதும் கற்பித்துவரும் கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் ஐயாவுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்திருக்கிறார்கள். வயது 87. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த அந்தக் கலையைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர். வாத்தியாரிடம் ஓடிச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, உறையிலிருந்து உடுக்கையை எடுத்து ஒருமுறை தட்டி மீண்டும் உறைக்குள் வைத்தார். அந்தத் தட்டலில் இருந்த மகிழ்ச்சியை எனக்கு எழுதத் தெரியவில்லை.

4 பிப்ரவரி 2024, ஞாயிறு

நேற்று ஒரு கல்லூரி விழாவில் எங்களுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். பல இரவுகள் நீளும் கதையில் எதை எடுத்துப் பாடுவது என்று இரண்டு நாள் பேசி, சங்கர் கொம்பன் என்னும் காட்டுப்பன்றியை வீழ்த்தும் பகுதியைத் தேர்ந்திருந்தோம். ஒலிபெருக்கிக்காரர் எதிரொலியை அதிகமாக வைத்துவிட்டதால், கயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் உடுக்கையில் வாத்தியார் எழுப்பிய ஏற்ற இறக்கமெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே முழக்கமாகிப் போனது. அவர் பாடிய சொல்லும் நான் திருப்பிய சொல்லும் கலந்து, கேட்டவர்களுக்கு இரண்டுமே எட்டவில்லை. நான்காவது நிமிடத்தில் ஒருவர் மேடைக்கு வந்து சினிமாப் பாட்டு ஏதாவது பாடச் சொன்னார். வாத்தியார் கோபப்படவில்லை. பன்றி விழும்வரை பாடி முடித்துவிட்டே கீழே இறங்கினார்.

பேருந்தில் வரும்போது நான் குமுறிக்கொண்டே வந்தேன். இந்தக் கலைக்கு மேடை கிடைப்பது நல்லதுதான். ஆனால் பின்பாட்டுக்காரனின் குரல் காதில் விழாத மேடையில் கதை பாதியாகிவிடுகிறது. இனி எங்கே போனாலும் ஒரு மணி நேரம் முன்னதாகவே சென்று எதிரொலியை முழுவதும் எடுத்துவிடச் சொல்ல வேண்டும். அதை நானே பார்த்துக்கொள்வதாக வாத்தியாரிடம் சொல்லியிருக்கிறேன்.

18 பிப்ரவரி 2024, ஞாயிறு

மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965ஆம் ஆண்டில் காங்கேயத்துக்குப் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, இந்தக் கதையைப் பாடகர்கள் பல இரவுகள் பாடப் பாட ஒலிநாடாவில் பதிந்துவைத்தார். அந்தப் பதிவின் ஒரு பகுதியை நண்பர் ஒருவர் இன்று போட்டுக் காட்டினார். எல்லோரும் முன்பாட்டுக்காரரை வியந்துகொண்டிருக்க, நான் இரண்டாவது குரலை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் அடியைத் திருப்பிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் கடைசி அசையைச் சற்றே நீட்டிப் பிடித்திருக்கிறது. அந்த நீட்டலுக்குள் முன்னவர் மூச்சு வாங்கி, அடுத்த அடியை நினைவில் எடுத்து, உடுக்கையின் கயிற்றையும் சரிசெய்துகொள்கிறார். நான் இத்தனை மாதங்களாக அந்த அசையைக் குறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். ஏட்டைப் பார்த்துப் பாடாத கலையில், மறதிக்கும் நினைவுக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு நொடியைக் காப்பது பின்பாட்டின் வேலை என்பது எனக்கு இன்றுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்து, தறி ஓடும் சத்தத்துக்குள் அடியின் முடிவை மட்டும் நீட்டி நீட்டிப் பாடிப் பார்த்தேன். அம்மா வந்து, யாருக்காக இழுத்துக்கொண்டே நிற்கிறாய் என்று கேட்டாள்.

9 மார்ச் 2024, சனி, காலை

இரவு முழுவதும் தூங்கவில்லை. ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும். நேற்று சிவராத்திரிக்குக் காங்கேயம் பக்கம் ஓர் ஊரின் அண்ணன்மார் கோயிலில் விடிய விடியப் பாடினோம். ஒலிபெருக்கியை நானே முன்கூட்டிப் பார்த்து எதிரொலியை எடுத்துவிட்டிருந்தேன். மூன்று மணி அளவில் படுகளக் கட்டம் வந்தது. அண்ணன்மார் இருவரும் மாண்டு கிடக்க, தங்கை தங்காள் படுகளத்தில் அவர்களைத் தேடி அழுது நடக்கும் இடம். பனி இறங்கியதால் வாத்தியாரின் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு முறை செருமிப் பார்த்துவிட்டு, உடுக்கையை என் கையில் கொடுத்தார். “நீ தேடு கண்ணு, நான் பின்னால வாரேன்” என்றார்.

முதல் பத்து அடிகள் நடுங்கின. பெரியகாண்டி அம்மனைத் தங்காள் கூவி அழைக்கும் அடியில் எனக்கு அடுத்த சொல் முற்றிலும் மறந்துபோனது. எதிரே அமர்ந்திருந்த ஆத்தாக்களில் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்; அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்கு அச்சமாக இருந்தது. அப்போது வாத்தியார், கட்டிக்கொண்ட அந்தத் தொண்டையோடு, நான் விட்ட அடியை எடுத்துத் திருப்பி, கடைசி அசையை நீட்டினார். என்னால் அவ்வளவு நேரம் பிடித்திருக்க முடியாது. அவர் நிறுத்தவே இல்லை. சொல் எனக்கு வந்து சேர்ந்ததை விரல் உடுக்கையில் விழுந்த விதத்திலேயே அறிந்துகொண்டு, அதன் பிறகுதான் விட்டார்.

தங்காள் அண்ணன்மாரை எழுப்பும்வரை நான் பாடினேன். கும்பிட்டு உடுக்கையைத் திருப்பிக் கொடுத்தபோது அதை வாங்கிக்கொண்டாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. விடிந்ததும் ஊரார் கொடுத்த பணத்தில் எப்போதும்போல எனக்கு 500 ரூபாய் எண்ணிக் கொடுத்துவிட்டு, தொண்டைக்குச் சுக்குக்காப்பி வாங்கிவரச் சொன்னார். அடுத்த பாட்டு வரும் வெள்ளிக்கிழமை. மீண்டும் பின்பாட்டுதான் எனக்கு.