காது ஓரிடம், ஆண்டெனா ஓரிடம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் பெருகப் பெருக, உரிமம் பெற்ற ஆர்வலர்கள் ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் ஹாம் வானொலியில் இரைச்சலும் ஏறிக்கொண்டே வந்து, மாலை ஏழு மணிக்கு மேல் வரும் அலையின் வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டரின் முள் 9-ஐ விட்டு இறங்குவதே இல்லை என்றாகிவிட்டது. மொட்டை மாடியில் கட்டிய கம்பி வழியாக நான் அனுப்புவது வெளியே போகிறது. வருவதுதான் காதில் விழுவதில்லை.

அந்த எரிச்சலில்தான் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்திலுள்ள வெப்எஸ்டிஆர் என்னும், யாரும் இணையம் வழியே கேட்கக்கூடிய ரிசீவரைத் திறந்தேன். 2008-இல் தொடங்கிய அது, இன்று ‘மினி விப்’ என்னும் சிறிய ஆண்டெனாவைக் கொண்டு 29 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் முழுவதையும் வாங்கி, ஒரே நேரத்தில் பலருக்கும் அவரவர் விரும்பும் அலைவரிசையைத் தருகிறது. 14 மெகாஹெர்ட்ஸில் மோர்ஸ் சாவியால் என் நிலையத்தின் அடையாளமான அழைப்புக் குறியை அடித்துவிட்டுக் காத்திருந்தேன். ஏறத்தாழ ஒரு நொடி கழித்து, நான் அடித்த அதே புள்ளிகளும் கோடுகளும் மெலிந்து, ஏறி இறங்கி, கணினியின் ஸ்பீக்கரில் திரும்பி வந்தன. இருபது ஆண்டுப் பழக்கத்திற்குப் பிறகும் அன்று உடம்பு சிலிர்த்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

சிக்கல் அடுத்த நிமிடமே வந்தது. இத்தாலியிலிருந்து ஒருவர் எனக்குப் பதில் தந்தார். அது ட்வென்டேயில் தெளிவாகக் கேட்டது, என் ரிசீவரில் இரைச்சலைத் தவிர எதுவுமில்லை. இதைத் தொடர்பு என்று சொல்ல முடியுமா? பல நாடுகளோடு தொடர்புகொண்ட ஹாம்களுக்குத் தரப்படும் டிஎக்ஸ்சிசி விருதின் விதி இதில் தெளிவாக இருக்கிறது: தொலைவிலிருந்து இயக்கப்படும் நிலையத்தின் தொடர்புகள் செல்லுபடியாகும், ஆனால் அந்த நிலையத்தின் டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் 500 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் இருக்க வேண்டும். நிலையம் முழுவதையும் அமைதியான ஒரு கிராமத்தில் வைத்துவிட்டு வீட்டிலிருந்தபடி இணையத்தில் இயக்குவது நேர்மையான வானொலிதான் என்பதே என் கருத்து. ஆண்டெனா நிற்கும் இடமே நிலையம், இயக்குபவரின் நாற்காலி எங்கிருந்தால் என்ன? காதை மட்டும் ஐரோப்பாவிலிருந்து இரவல் வாங்குவது வேறு.

முழு நிலையத்தைத் தொலைவில் வைப்பதற்கும் ஒழுங்கு வேண்டும். சாவி அழுந்திய நிலையில் இணைய இணைப்பு அறுந்தால், கேட்பாரற்ற டிரான்ஸ்மிட்டர் அலைவரிசையை அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் கட்டுப்பாட்டு இணைப்பு பழுதானால் மூன்று நிமிடத்துக்கு மேல் ஒலிபரப்பு நீடிக்காதபடி ஏற்பாடு இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது.

தொடர்புகளைப் பதிந்துவைக்கும் என் லாக் புத்தகத்தில் அந்த இத்தாலியரின் அழைப்புக் குறி பென்சிலால் எழுதியபடியே இருக்கிறது. அதன்மேல் இன்னும் பேனா வைக்கவில்லை.