தொங்கு சபையில் கூட்டுச் சேரும்போது எழுதி வைக்க வேண்டியவை

60 வீத உறுப்பினர்கள் வட்டாரங்களில் நேரடியாக வென்றும், 40 வீதத்தினர் கட்சி வாக்குகளின் விகிதாசாரப்படியும் தெரிவாகும் கலப்பு முறையில் இலங்கையின் வன்னிப் பிரதேச சபைகள் பலவற்றில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை வருவதில்லை. 2018 தேர்தலிலும் பார்த்தோம், 2025 தேர்தலிலும் பார்த்தோம். மேடையில் ஒருவரையொருவர் துரோகி என்று ஏசியவர்கள் ஒரே மேசையில் இருந்துதான் ஆகவேண்டும். அதில் தவறே இல்லை. பேசியதை எழுதாமல் எழும்பிப் போவதுதான் தவறு.

எந்தக் கட்சிக்கும் பாதி ஆசனம் இல்லாவிட்டால், உள்ளூராட்சி ஆணையாளர் கூட்டும் முதல் அமர்வில் உறுப்பினர்கள் வாக்களித்துச் சபையின் தலைவரான தவிசாளரைத் தெரிவுசெய்வார்கள். வாக்கெடுப்பு பகிரங்கமா இரகசியமா என்பதும் அவர்கள் முடிவுதான்; வாக்குச் சமப்பட்டால் திருவுளச்சீட்டு. இரகசிய வாக்கெடுப்பில் ஒருவர் மாறிப் போட்டாலே கூட்டு உடையும், யார் என்றும் தெரியாது. ஆகவே பகிரங்க வாக்கெடுப்புக்கு இரு தரப்பும் சம்மதிப்பதே உடன்பாட்டின் முதல் வரியாக இருக்கட்டும்.

"இரண்டு வருடம் உங்களுக்கு, மிச்சம் எங்களுக்கு" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. பேசியபடி கதிரை மாற வேண்டுமானால் இருப்பவர் தானாக எழுதிக் கொடுத்து விலக வேண்டும். ஆகவே உடன்பாட்டில் உள்ளூர் உறுப்பினர்களின் கையொப்பம் மட்டும் போதாது. கட்சிச் செயலாளர்களும் ஒப்பமிட வேண்டும். கட்சி உறுப்புரிமை போனால் ஆசனமும் போகும் என்பதால் பிடி அவர்களிடம்தான் இருக்கிறது.

உண்மையான சோதனை பாதீடு, அதாவது சபையின் வருடாந்த வரவு செலவுத் திட்டம். யாழ். மாநகர சபையில் 2020 டிசம்பரில் பாதீடு இரண்டாம் முறையும் தோற்று முதல்வர் (மேயர்) பதவி இழந்தார். வன்னியில் சபை இப்படி இழுபட்டால் முதலில் அடிபடுவது கிரவல் வீதிகள். ஒக்டோபரில் மாரி தொடங்குமுன் வேலை முடியாவிட்டால் போட்ட கிரவல் வெள்ளத்தோடு போய்விடும். அதற்கு மதிப்பீடும் கேள்வி (டெண்டர்) அறிவித்தலும் வருடத் தொடக்கத்திலேயே நகர வேண்டும்.

அதனால் எந்த வட்டாரத்துக்கு எந்த வீதி, எத்தனை தெரு விளக்கு, ஆடி ஆவணி வரட்சியில் தண்ணீர் பவுசர் எந்தக் கிராமத்துக்கு எந்த நாளில் என்பதை உடன்பாட்டிலேயே எழுதுங்கள். எதிரணி வென்ற வட்டாரங்களையும் சேர்த்துத்தான். ஏ9 நெடுஞ்சாலை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது, பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குரியவை. சபையால் செய்ய முடியாத அவற்றை எழுதி மக்களை ஏமாற்ற வேண்டாம்.

பாதீட்டு வரைபு சமர்ப்பிக்கும் நாளில் மட்டும் உறுப்பினர் கையில் கிடைத்தால் எதிர்த்து வாக்களிக்கத்தான் தோன்றும். நவம்பர் தொடக்கத்திலேயே எல்லாக் கட்சிக்கும் கொடுத்து, நிதிக் குழுவில் எதிரணிக்கும் இடம் வையுங்கள்.