555 முடிச்சு: நாங்கள் ஒயர் கூடை போட்ட கதை

போன தை மாதம் என் மனைவி பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று கை கத்தரிக்காய் வற்றல் மாதிரி இருந்தது. பந்தை அமுக்கு, விரலை மடக்கி நீட்டு என்றார்கள். இரண்டு நாள் அமுக்கினாள். மூன்றாம் நாள் பந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது. யாரும் தேடவில்லை.

வெளியூரில் இருக்கும் மகள் விடுவாளா? ஐஸ் குச்சி, கலர் பேப்பர், பசை, பூப்போட்ட வண்ணம் தீட்டும் புத்தகம் எல்லாம் ஒரு பெட்டியில் வந்து இறங்கின. “என்னை எல்.கே.ஜி.ல சேத்துட்டாளா உங்க பொண்ணு?” என்று பெட்டியை மூடி வைத்தாள். அவளுக்கு 66, எனக்கு 70. நானே பழைய நாளிதழைத் துடைப்பக் குச்சியில் சுற்றிக் குழாய் செய்து பார்த்தேன். பேப்பர் கூடை பின்ன அப்படித்தான் தொடங்குவார்களாம். பத்துக் குழாய் உருட்டுவதற்குள் விரல் நுனியெல்லாம் எரிந்தது. நல்ல கையே இப்படி என்றால் அடிபட்ட கைக்கு அது ஆகாது.

ஒயர் கூடை நினைப்பு கீரையால் வந்தது. 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கேரி பைக்குத் தடை, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’. நாங்களும் ஒழுங்காகத் துணிப்பைதான். ஆனால் துணிப்பை நிற்காது. தக்காளி மேல் பூசணி உட்கார்ந்து, கீரை அடியில் நசுங்கி வீடு வந்து சேரும். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, “ஒரு ஒயர் கூடை இருந்தா இந்தக் கதி வருமா? எஸ்.எஸ்.எல்.சி. லீவுல எத்தனை கூடை போட்டிருக்கேன் தெரியுமா?” என்றாள். எங்களுக்குக் கல்யாணமாகி 44 வருஷம். இந்தச் சேதி எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாளே திருச்சி உறையூரிலிருந்து பஸ் பிடித்துப் பெரிய கடை வீதிப் பக்கம் போய் ஒயர் வாங்கினோம். கடையில் அவளுக்குக் கருநீலமும் மெரூனும் பிடித்திருந்தன. என் கண்ணுக்குக் கருநீலமும் கறுப்பும் ஒன்றுதான் என்பதால் மஞ்சளும் பச்சையும் எடுக்க வைத்தேன். இதில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். எது வெட்டு ஒயர் (அளவாக வெட்டி வைத்த துண்டு), எது ஓட்டு ஒயர் (வரிசையோடு ஓடி முடிச்சுப் போடுவது) என்று ராத்திரி டியூப் லைட்டில்கூடத் தெரிந்தது.

கணக்கு அவள் போட்டாள். அடி நீளத்துக்கு 15 முடிச்சு, அகலத்துக்கு 5 வரிசை. அடியில் 75. சுவர் எழும்பும்போது ஒரு சுற்றுக்கு 40. பதினாலு சுற்று ஏற்றினால் டிபன் கேரியரும் தண்ணீர் பாட்டிலும் நிற்கிற அளவில் சின்னக் கூடை. குறுக்கே போகும் 15 ஒயரும் ஏழடி, நீள வாட்டத்தில் போகும் ஐந்தும் அதைவிடக் கூடுதல். “ஏழடி” என்று அழுத்திச் சொன்னாள். நான் ஆறடியாக வெட்டினேன். முப்பது வருஷம் கேஷியராக இருந்த கை, தாராளமாக எதையும் எடுத்துக் கொடுத்துப் பழக்கமில்லை. இதன் பலன் பிறகு வருகிறது.

முதல் வாரம் வெறும் முடிச்சு. சாதா முடிச்சுதான். மடித்த ஒயரின் வளைவுக்குள் ஓட்டு ஒயர் நுழையும், அது திரும்பி வந்து தன் வளைவுக்குள் மற்றதை வாங்கிக்கொள்ளும். நாலு முனையையும் மாற்றி மாற்றி இழுத்தால் சதுரமாக இறுகும். எழுத இவ்வளவுதான். போடும்போது என் முதல் முடிச்சுக்குக் கால் மணி நேரம் ஆனது, இழுத்ததும் அவிழ்ந்தது. அவளுக்கோ கண்ணை மூடிக்கொண்டே நுழைக்க வந்தது. ஐம்பது வருஷமாகத் தொடாத வேலை, விரல் மறக்கவில்லை. ஆனால் இழுக்க முடியவில்லை. இழுத்தால் மணிக்கட்டில் சுரீர் என்று வலி.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொண்டோம். நுழைப்பது அவள், இழுப்பது நான். ஒருவர் போடும் கூடையை இரண்டு பேர் போடுவது கேட்கச் சுலபம். “இன்னும் கொஞ்சம் இழுங்க... ஐயோ, அவ்வளவு இல்லீங்க!” என்று அடிவரிசை முழுக்க இதே பாட்டு. நடு வரிசையில் தொடங்கி அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு. நாலாவது வரிசையை அவள் தூங்கும்போது வீரமாக நானே போட்டு முடித்தேன். எழுந்து வந்து பார்த்தவள் ஒன்றும் சொல்லாமல் பிரிக்க ஆரம்பித்தாள். பதினைந்தும் முகம் மாறிக் கிடந்தன. எனக்கு இப்போதும் முன்பக்கம் பின்பக்கம் குழப்பம்தான், அதனால் முன்பக்கத்தில் ஒரு ஊக்கு குத்தி வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் வாரம் கை நோவுக்குச் சில வழி கிடைத்தது. ரோலிலிருந்து பிரித்த ஒயர் சுருள் சுருளாக முரண்டு பிடிக்கும். மொட்டை மாடி வெயிலில் கொஞ்ச நேரம் போட்டால் வழிக்கு வருகிறது. அதிகமாகப் போட்டால் இழுக்கும்போது ரப்பர் மாதிரி நீண்டு முடிச்சு இளைத்துவிடுகிறது. மழை நாளில் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கித் துடைத்துக்கொண்டோம். மடியில் வைத்துக் குனிந்து போடாமல் சாப்பாட்டு மேஜையில் வைத்து, அடியில் பழைய போர்வையை மடித்துப் போட்டால் கழுத்து தப்பிக்கிறது. ஒயர் வழுக்காமல் இருக்க, நோட்டு எண்ணும்போது நான் மாட்டிக்கொள்ளும் ரப்பர் விரலுறை மேஜை டிராயரில் இருந்தது. அதை அவள் கட்டை விரலில் மாட்டிப் பார்த்தோம். கச்சிதம்! பிளேயரால் பிடித்து இழுப்பதைவிட இது மேல். பிளேயர் ஒயரில் பல் பதித்துவிடுகிறது.

எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டை. ஒரு முடிச்சுக்கு ஒன்று என்று கிண்ணத்தில் போடுவோம். நாற்பது சேர்ந்தால் ஒரு சுற்று, அன்றைக்கு அவ்வளவுதான். வலி எட்டிப் பார்த்தால் நாற்பதுக்கு முன்னாலேயே நிறுத்திவிடுவது என்று பேச்சு.

எளிது எளிது என்று பெரியவர்களுக்குக் கொடுக்கும் வேலைகளில் பாதி குழந்தை வேலையாக இருக்கிறது. எங்களுக்கு எளிதாக இருந்தது வேறு விஷயம். இறுகிய முடிச்சு இறுகியதுதான். நடுவில் குக்கர் விசில் அடிக்கும், மாத்திரை நேரம் வரும், மூன்று நாள் வேலையே ஓடாது. திரும்ப வந்து உட்கார்ந்தால் விட்ட இடம் அப்படியே இருக்கும். பசை காயாது, அளவு கலையாது.

சுவர் ஏற ஆரம்பித்ததும் வேகம் வந்துவிட்டது. முதல் சுற்றுக்கு இரண்டு நாள், ஐந்தாவது சுற்றுக்கு ஒரு மணி நேரம். எட்டாவது சுற்றில் ஒருநாள் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தில் கொட்டை விழும் சத்தம் மட்டும் கேட்டது. என்னைக் கூப்பிடவே இல்லை. எட்டிப் பார்த்தால் தானே இழுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

பன்னிரண்டாவது சுற்று முடிந்தபோது என் ஆறடி வேலையைக் காட்டிவிட்டது. முனைகளை உள்பக்கமாக நாலு முடிச்சுக்குள் செருகி மடக்க ஒரு சாண் ஒயராவது வேண்டும். எங்களிடம் அதற்கும் குறைவாக இருந்தது. பதினாலு சுற்றுக் கூடை பன்னிரண்டோடு நின்றது. 75-ம் 480-ம் சேர்த்து 555 முடிச்சு. என்னை அவள் பார்த்த பார்வையைப் பற்றி எழுத வேண்டாம்.

கைப்பிடிதான் கடைசிச் சோதனை. பாம்புப் பின்னல் போடலாம் என்று எனக்கு ஆசை, அவள் ஒரே வார்த்தையில் வெட்டிவிட்டாள். நாலு ஒயரைச் சேர்த்து ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, நான் முறுக்க, அவள் மேல் ஒயரைச் சுற்றினாள். ஒரு பிடி மற்றதைவிட ஒரு விரல் நீளம். தூக்கினால் கூடை லேசாக இடப்பக்கம் சாயும். கீரை நசுங்குவதில்லை, எனக்கு அது போதும்.

கூடையோடு மார்க்கெட் போன முதல் நாளே பூக்காரம்மா பார்த்துவிட்டு, “எனக்கு ஒண்ணு போட்டுக் குடுங்கக்கா” என்றார். நெல்லிக்காய் முடிச்சுதான் வேண்டுமாம், சாதா வேண்டாமாம். புடைத்துக்கொண்டு நிற்கும் முடிச்சு அது, ஒயரும் அதிகம், இழுவையும் அதிகம். இந்தக் கைக்கு இப்போது வேண்டாமே என்றேன். அவள் காதில் விழவில்லை. அல்லது விழுந்தது.

நேற்று ஒயரை அவளே அளந்தாள். டேப்பின் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னாள். கத்தரிக்கோலைக் கையில் தரவில்லை.

“ஒம்பதடி. நீங்க சும்மா பிடிங்க, போதும்.”