மண்புழு உரத்துக்கு ஆர்பிஎல் சான்றிதழ்: பெங்களூரில் நான் பட்ட பாடு

கையில் இருக்கிற தொழிலைச் சோதித்துத் தரும் ஆர்பிஎல் சான்றிதழ் டிஜிலாக்கருக்கு வந்துவிட்டது. ஆனாலும் அதற்காக முதலில் போன பயிற்சி சென்டரை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

பெல்லந்தூர் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் ஈரக்கழிவை உரமாக்குவது என் வேலை. வருஷக்கணக்காகச் செய்கிறேன். காண்ட்ராக்ட் மாறியபோது, சூப்பர்வைசர் என்றால் சான்றிதழ் வேண்டும் என்று அசோசியேஷனில் சொல்லிவிட்டார்கள்.

சென்டரில் இருந்தவர் தமிழிலேயே பேசினார். "உரம் போடறதுக்கெல்லாம் கோர்ஸ் கிடையாதும்மா. ஹவுஸ்கீப்பிங்ல பேரைப் போட்டுடறேன், எல்லாம் ஒரே காகிதம்தான்." கூடவே ஃபார்ம் செலவு என்று பணமும் கேட்டார். மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டமான பிஎம்கேவிஒய்-யில் ஆர்பிஎல் இலவசம். யார் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். விவசாயத் திறன் கவுன்சிலின் கீழ் 'மண்புழு உரத் தயாரிப்பாளர்' என்று தனி ஜாப் ரோலே இருக்கிறது. செல்போனில் எடுத்துக் காட்டினேன். "இங்க அந்த பேட்ச் இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

2024 ஆகஸ்டில் உயிரித் தொழில்நுட்ப உற்பத்தியை வளர்க்கும் பயோஇ3 கொள்கைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2030-க்குள் உயிரிப் பொருளாதாரத்தை 30,000 கோடி டாலராக வளர்ப்போம் என்கிறார்கள். வளரட்டும், நல்லதுதான். ஆனால் மக்கும் குப்பையைக் கையால் கிளறுகிறவளை ஹவுஸ்கீப்பிங் என்று எழுதி அனுப்பினால், அவள் கற்ற தொழில் எந்தக் கணக்கில் வரும்?

வேறொரு சென்டரில் பேட்ச் சேர ஆள் வேண்டும் என்றார்கள். பக்கத்து அபார்ட்மெண்டுகளில் இதே வேலை செய்யும் அக்காக்களைத் திரட்டினேன். ஸ்கில் இந்தியா தளத்தில் பதிய ஆதாரோடு இணைத்த நம்பருக்குத்தான் ஓடிபி வரும். என் ஆதாரில் இருந்ததோ எப்போதோ செத்துப்போன நம்பர். அதை மாற்ற ஒரு நாள் கூலி போயிற்று. ஆதாரில் உள்ள பெயர்தான் சான்றிதழிலும் வரும், இனிஷியலை முன்பே பாருங்கள். பெயரை ஆயுளில் இரண்டே தடவைதான் மாற்றலாம்.

பயிற்சி வகுப்பு சுமுகமாக முடிந்தது. தேர்வில் டேப்லெட்டைத் திறந்தால் கேள்வியெல்லாம் இந்தி. எங்களுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. எல்லோரும் சேர்ந்து நின்று கேட்ட பிறகே ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, கன்னடத்தில் சொன்னார்கள். பதியும்போதே தேர்வு மொழியைக் கேட்டுவிடுங்கள்.

செய்முறையில்தான் எனக்கு உயிர் வந்தது. பச்சைக் காய்கறிக் கழிவில் புழுவை நேராக விடலாமா என்று கேட்டார் எங்களைச் சோதிக்க வந்த அசெஸர். கூடாது, புதுக் குவியல் 60 டிகிரி வரை கொதிக்கும், புழு வெந்துவிடும், பாதி மக்கிச் சூடு தணிந்த பிறகே விட வேண்டும் என்றேன். உரத்திலிருந்து புழுவைப் பிரித்துக் காட்டச் சொன்னார். தார்ப்பாயில் கூம்பாகக் குவித்து வெளிச்சத்தில் வைத்தேன். வெளிச்சம் பட்டதும் புழுவெல்லாம் அடிக்கு இறங்கிவிட்டது. மேலே நின்ற உரத்தை வழித்தெடுத்தேன். அவர் குனிந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்.

அடுத்த பேட்சுக்கு ஆள் சேர்க்கிறேன். ஹெச்எஸ்ஆர், சர்ஜாபூர் ரோடு பக்கம் இந்த வேலையில் இருப்பவர்கள் செல்போன் நம்பரை ஆதாரில் சரிபார்த்துக்கொண்டு வாருங்கள்.