கிழக்குச் சுவரில் ஒரு வௌவால் பெட்டி

2025 பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று பறித்த 11 தக்காளியில் 7 ஓட்டை. ஒன்றில் காய்ப்புழு அப்படியே இருந்தது. தலையைப் பழத்துக்குள் நுழைத்து, பின்பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு தின்றுகொண்டிருந்தது. போன வருஷம் மருந்து அடித்தேன். புழு குறைந்தது, கூடவே தேனீயும் பொறிவண்டும் காணாமல் போயின. அதைப் பார்த்தபின் மறுபடி மருந்து வாளியைத் தொட மனசு வரவில்லை.

புழுவைக் கையால் பொறுக்கலாம், பொறுக்குகிறேன். ஆனால் முட்டை வைக்கும் அந்துப்பூச்சி இருட்டிய பிறகுதான் வருகிறது. ஒன்றே நூற்றுக்கணக்கில் வைத்துவிட்டுப் போகும். அந்த நேரத்தில் குருவிகள் எல்லாம் அடைந்துவிடும். ராத்திரி வேட்டைக்கு வருவது வௌவால்தான். அதைத் தோட்டத்துக்கு வரவைக்க முடியுமா என்று பார்க்கப் போகிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஒரு வாரமாக இதே படிப்பு. ஒரு வௌவால் மணிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரம்கூட, கொசு தின்னும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பேச்சின் வேர் 1960இல் டொனால்ட் கிரிஃபின் என்ற விஞ்ஞானியின் குழு வெளியிட்ட ஓர் ஆய்வு. மூடிய அறையில் கொசுவைப் பறக்கவிட்டு, வௌவால் எத்தனை பிடிக்கிறது என்று பார்த்தார்கள். அந்தச் சில நிமிடக் கணக்கை மணிக்குப் பெருக்கியதுதான் அந்த எண். வெளியில் வௌவால் கொசுவையும் தின்னும், வண்டு, ஈசல், அந்துப்பூச்சி என்று அகப்பட்டதையும் தின்னும். டெங்கு பரப்பும் கொசுவோ பெரும்பாலும் பகலில் கடிப்பது. ஆகவே கொசுவை ஒழிக்க வௌவால் பெட்டி வைக்கிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்லுங்கள்.

எனக்கு நம்பிக்கை தந்தது இன்னொன்று. 2015இல் வெளிவந்த ஆய்வு, அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்து மக்காச்சோள வயலில் நடந்தது. சில இடங்களில் ராத்திரி மட்டும் வலை போட்டு வௌவாலைத் தடுத்தார்கள். பகலில் வலையை எடுத்துவிட்டதால் பறவைகளுக்குத் தடை இல்லை. வலைக்குள் இருந்த கதிர்களில் புழு ஏறக்குறைய 60 சதவீதம் அதிகம். அந்தப் புழு என் தக்காளியைத் துளைக்கும் காய்ப்புழுவின் நெருங்கிய உறவு!

பிப்ரவரி 16, ஞாயிறு

பெட்டி செய்தோம். பறவைக்கூடு மாதிரி ஓட்டை கிடையாது. இரண்டு பலகைக்கு நடுவில் 2 செ.மீ. இடுக்கு, மேலேயும் பக்கமும் அடைப்பு, அடிப்பக்கம் திறப்பு. பின்பலகை மட்டும் கீழே ஒரு சாண் நீண்டிருக்கும். வௌவால் அதில் வந்து ஒட்டிக்கொண்டு மேலே ஏறும்.

மகள் இடுக்குக்குள் விரலை விட்டுப் பார்த்து, "இதுக்குள்ள எப்படிப்பா இருக்கும்?" என்றாள். அதற்கு நெருக்கம்தான் பிடிக்கும் என்றேன். சூடு தங்கும், பாம்பும் பூனையும் நுழையக் கஷ்டம்.

வழவழப்பான பலகையில் நகம் பிடிக்காது. சிலர் வலையை உள்ளே அடிக்கிறார்கள். அதில் நகமும் இறக்கையும் சிக்கக்கூடும் என்பதால் எனக்குச் சரியாகப் படவில்லை. ரம்பத்தால் குறுக்கே கீறினேன், விரற்கடைக்கு ஒரு கீறல், மேலிருந்து கீழ்வரை. தோள் விட்டுப்போனது. உள்ளே பெயின்ட் இல்லை, கரையான் மருந்து போட்ட பலகையும் இல்லை. மேல் மூட்டுகளை மட்டும் காற்றும் மழையும் புகாமல் அடைத்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

கிழக்குச் சுவரில், தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் மாட்டியாயிற்று. மரத்தில் மாட்டவில்லை. கிளை மறைக்கும், பூனை ஏறும். வௌவால் பெட்டியிலிருந்து கீழே விழுந்துதான் இறக்கையை விரிக்கும், அதனால் அடியில் வெற்றிடம் வேண்டும். குளிர் பிரதேசம் என்றால் ஆறு மணி நேரத்துக்கு மேல் வெயில் படவேண்டும். வெயில் கொளுத்தும் இடத்தில் காலை வெயில் மட்டும் போதும், மத்தியானம் நிழல் நல்லது.

கொல்லை விளக்கை இன்றிலிருந்து அணைத்துவிட்டேன். இருட்டு இலவசம்தான், ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் பழக்கமாக ஒரு வாரம் பிடிக்கும்.

மார்ச் 23, ஞாயிறு

வேலியோரம் அந்திமந்தாரை வைத்தேன். பொழுது சாயும்போது பூக்கும், பூச்சி வரும்.

ஏப்ரல் 19, சனி

ஒன்றும் வரவில்லை. பெட்டிக்குள் வௌவால் எச்சத்தைப் பூசினால் வாசனைக்கு வரும் என்று ஒரு யோசனை படித்தேன். செய்யலாமா என்று இரண்டு நாள் தடுமாறினேன். அப்புறம் ஃப்ளோரிடாவின் சுகர்லோஃப் தீவில் 1929இல் கட்டிய வௌவால் கோபுரத்தைப் பற்றித் தெரிந்துகொண்டேன். கொசுத் தொல்லை தாங்காமல் ஒருவர் பெரிய மரக்கோபுரம் எழுப்பி, வௌவாலை இழுக்க வாசனைப் பொருளும் வைத்தார். வௌவால் குடியேறவே இல்லை. வெறுமையாகவே நின்று, 2017இல் இர்மா புயலில் சாய்ந்தது.

வௌவாலை அழைக்க முடியாது. அதற்கு வேண்டியதைச் செய்துவிட்டு ஒதுங்கி நிற்கலாம், அவ்வளவுதான். எச்சம் பூசும் யோசனையை விட்டுவிட்டேன்.

ஜூன் 7, சனி

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏன் தம்பி, வௌவால்னா நோய் வருமே, சின்னப் புள்ளைங்க இருக்கிற இடமாச்சே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "வரும்க்கா, நாம அதைத் தொட்டா" என்றேன். அது பாட்டுக்கு மேலே பறந்துகொண்டிருந்தால் நமக்கு ஆபத்து இல்லை. தரையில் கிடக்கும் வௌவாலை மட்டும் வெறுங்கையால் தொடவே கூடாது. கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே டாக்டரிடம் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்கவேண்டும். காய்ந்த எச்சத்தைப் பெருக்கினால் தூசி மூச்சில் போகும், அதனால் நனைத்து, முகக்கவசம் போட்டு அள்ளவேண்டும். பெட்டி எந்த ஜன்னலுக்கும் மேலே இல்லை என்பதையும் காட்டினேன். அக்கா போகும்போது தன் வீட்டுப் பின்விளக்கையும் அணைத்துவிடுவதாகச் சொன்னார். மனசு நிறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 16, சனி

பெட்டி காலி. ஆனால் தோட்டத்துக்கு மேலே இரண்டு வௌவால் சுற்றுகின்றன!

தக்காளிப் பந்தலுக்கு அருகே அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன். அந்துப்பூச்சி ஒன்று நேராகப் பறந்து வந்தது, திடீரென்று இறக்கையை மடக்கிக் கல் மாதிரி செடிக்குள் விழுந்தது. அடுத்த கணம் அதே இடத்தை வௌவால் கடந்து போயிற்று. காய்ப்புழுவின் குடும்பத்து அந்துப்பூச்சிகளுக்கு வௌவாலின் மீயொலியைக் கேட்கும் காது உண்டு. நமக்குக் கேட்காத அந்தச் சத்தத்தில் உயிருக்கு ஓடுகின்றன. அது தப்பித்துவிட்டது. இரண்டாவது தப்பவில்லை. வௌவால் வாலோடு சேர்ந்த சவ்வை முறம்போல் குவித்து, அதில் பூச்சியை வாங்கி, பறந்தபடியே குனிந்து வாயில் எடுத்துக்கொண்டது. ஓர் இறக்கைத் துண்டு மட்டும் சுழன்று என் முழங்காலில் விழுந்தது.

நவம்பர் 8, சனி

காலையில் பெட்டிக்கு நேர் கீழே, சிமெண்டுத் தரையில், அரிசியைவிடச் சிறிதாக ஐந்து கருப்பு மணிகள். பல்லியாக இருக்குமோ? பல்லி எச்சத்தில் ஒரு முனை வெள்ளையாக இருக்கும், இதில் இல்லை. எலியுடையது காய்ந்தால் கெட்டியாகிவிடும். குச்சியால் ஒன்றை அழுத்தினேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தபோது அந்தப் பொடி மினுமினுத்தது. பூச்சி ஓடு.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்ட நின்று, நெடுநேரம் பார்த்தாள்.

நவம்பர் 9, ஞாயிறு

அந்தி. இருவரும் சுவரிலிருந்து தள்ளி உட்கார்ந்தோம். முதல் நட்சத்திரம் தெரிந்த கொஞ்ச நேரத்தில், பெட்டியின் அடியில் ஏதோ உதிர்ந்த மாதிரி இருந்தது. தரைக்கு வரும் முன்பே அது விரிந்து, வளைந்து, பந்தலுக்கு மேலே போய்விட்டது. பின்னாலேயே இன்னொன்று. மூன்றாவதுக்காகக் காத்திருந்தோம், வரவில்லை.

உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கக் கை பரபரத்தது. பார்க்கவில்லை. நாளை எச்சம் விழும் இடத்தில் ஒரு பழைய தட்டு வைக்கவேண்டும்.